தொண்டை கட்டிய ஒரு நாள்: மலேசியா வாசுதேவனின் கதை

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. வழக்கமா சுகர், பிரஷர்னு எழுதற ஆளு இன்னைக்கு ஒரு பாடகரோட வரலாறு எழுதப் போறேன். கடைசியில மருத்துவத்துக்குத்தான் வந்து சேருவேன், கவலைப்படாதீங்க.

2/ நான் இருக்கறது அடி அண்ணாமலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதுல மலைக்குப் பின்பக்கம் வர்ற ஊரு. பௌர்ணமின்னா விடிய விடிய ஜனம் நடந்துக்கிட்டே இருக்கும். ரோட்டோரம் கடைக்குக் கடை பாட்டு. இந்த ஊர்ல பாட்டு காதுல விழாம ஒரு நாள் போகாது.

3/ ஒரு நோயாளி. அறுபதைத் தாண்டினவர். ஊர் ஊராப் போய் கல்யாணம், காதுகுத்து, திருவிழாவுக்கு மைக் செட் கட்டினவர். ஒரு ராத்திரி சாப்பிடும்போது வலது கை மரத்துப் போயிருக்கு, வாய் குழறியிருக்கு. "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு படுக்க வச்சுட்டாங்க. என்கிட்ட வந்தது மறுநாள் காலை 9 மணிக்கு.

4/ பக்கவாதம். மூளையோட இடது பக்கம் ரத்த ஓட்டம் அடைபட்டிருந்தது. அடைப்பைக் கரைக்கிற ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அந்த நேரம் ராத்திரியே தாண்டிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், உயிர் தப்பிச்சார். கால் ஓரளவு வந்தது. பேச்சு மட்டும் போச்சு.

5/ ஒரு மாசம் கழிச்சு சம்சாரத்தோட வந்தார். நாம சொல்றது எல்லாம் அவருக்குப் புரியுது. பதில் சொல்லணும்னு தவிக்கிறார். வாயில வர்றது ஒரே வார்த்தை: "இது... இது... இது..." அந்தம்மா கேட்டாங்க, "இனிமே பேசவே மாட்டாரா சார்?"

6/ நான் டாக்டர் மாதிரி பதில் சொன்னேன். "மூளையில பேச்சுக்கான இடம் பாதிச்சிருக்கும்மா. எதிர்பார்ப்பைக் குறைச்சுக்குங்க." சொல்லிட்டு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பிச்சேன். அப்போ எதிர்க்க இருந்த டீக்கடை ஸ்பீக்கர்ல 'முதல் மரியாதை' பாட்டு. சிவாஜி தனியா உருகுவாரே, அந்தப் பூங்காற்றுப் பாட்டு.

7/ இவர் பாடினார். முனகல் இல்லைங்க. வார்த்தை வார்த்தையா, தாளம் தப்பாம, ஒரு சரணம் முழுக்க. "தண்ணி"ன்னு சொல்ல முடியாத மனுஷன். அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. நான் பேனாவைக் கீழ வச்சுட்டேன்.

8/ அன்னைக்கு ராத்திரி ரெண்டு விஷயம் தேடிப் படிச்சேன். ஒண்ணு, பேச்சு போனவங்களுக்குப் பாட்டு எப்படி மிஞ்சுது? ரெண்டு, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யாரு? பேரு எல்லாருக்கும் தெரியும். மலேசியா வாசுதேவன். ஆனா அவர் எங்கிருந்து வந்தார்னு எனக்கே ஒழுங்காத் தெரியாது. முதல்ல ரெண்டாவது கேள்வி.

9/ பிறந்தது 15 ஜூன் 1944, மலேயாவுல. அன்னைக்கு 'மலேசியா'ன்னு ஒரு நாடே கிடையாது. இருந்தது ஜப்பான்காரன் பிடியில இருந்த மலேயா. சயாம் மரண ரயில் பாதைக்கு ரப்பர் தோட்டத்துத் தமிழர்களை லாரி லாரியா அள்ளிக்கிட்டுப் போன காலம். ஆயிரக்கணக்கில் போனவங்க திரும்பி வரவே இல்லை.

10/ குடும்பம் கேரளாவுலிருந்து போன மலையாளக் குடும்பம். ஆனா தோட்டத்து மொழி தமிழ். அங்கே கோயில் திருவிழா தமிழ்ல, கூத்து தமிழ்ல, நாடகம் தமிழ்ல. கடல் தாண்டிப் போன ஜனத்துக்கு ஊரை ஞாபகப்படுத்த இருந்தது பாட்டுதான். ஒரு மலையாளப் பையனுக்குத் தமிழ்க் குரல் வந்தது அங்கிருந்துதான்.

11/ வளர்ந்ததும் அங்கிருந்த தமிழ் நாடகக் குழு, இசைக்குழுக்கள்ல பாடினார், நடிச்சார். இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவர் தனிக் கச்சேரி வித்வான் இல்ல. குழுவில ஒருத்தர். குழுவில ஒருத்தரா இருக்கறது ஒரு தனிப் பயிற்சி. ஏன்னு சொல்றேன்.

12/ நாடக மேடைப் பாட்டுக்கு நம்ம ஊர்ல பெரிய வரலாறு இருக்கு. மைக் வர்றதுக்கு முன்னாடி எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் எல்லாம் உச்ச சுதியில நின்னு பாடுவாங்க. காரணம் சாதாரணம். கடைசி வரிசையில மண்ணுல உட்கார்ந்திருக்கறவனுக்கும் கேட்கணும். டிக்கெட் அவனும்தான் வாங்கியிருக்கான்.

13/ நம்ம காதுக்கு ஒரு குணம் உண்டு. விநாடிக்கு 3,000 அதிர்வுகளை ஒட்டின ஒலிகள் அதுக்கு ரொம்பத் துல்லியமாக் கேட்கும். தொண்டையைத் திறந்து, நெஞ்சிலிருந்து குரலை எடுத்துப் பழகினவங்களுக்கு அந்தப் பகுதி தானா ஓங்கும். அதனாலதான் சில குரல்கள் மேளத்தையும் தாண்டி வந்து நிக்குது. மேடை சொல்லிக் கொடுக்கிற வித்தை இது.

14/ இப்போ கதை தேனிப் பக்கம் போகுது. பண்ணைப்புரம். அங்கே இன்னொரு குழு உருவாகிக்கிட்டு இருந்தது. பாவலர் வரதராசன். பொதுவுடைமைக் கட்சி மேடைகள்ல பாடினவர். அப்போ ஹிட்டான சினிமா மெட்டை எடுத்து, அதுல அன்னைய அரசியலைப் போட்டு, அந்த இடத்துலயே கட்டிப் பாடுவார்.

15/ 1957-ல் கேரளாவுல இ.எம்.எஸ். தலைமையில கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 126 இடத்துல சுயேச்சைகளையும் சேர்த்து 65. நூலிழை மெஜாரிட்டி. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். தோட்டத்துத் தமிழர்கள் நிறைஞ்ச தொகுதி. தோத்தா ஆட்சிக்கே ஆட்டம். அங்கே பாவலர் பாடிப் பிரசாரம் பண்ணினார். ரோசம்மா புன்னூஸ் ஜெயிச்சாங்க. அந்த வெற்றியில பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்குன்னு கட்சிக்காரங்க இன்னைக்கும் சொல்லுவாங்க.

16/ அந்த அண்ணன் பின்னாடி ஆர்மோனியம் பிடிச்சுக்கிட்டுப் போன தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமர். குழுவுக்குப் பேரு 'பாவலர் பிரதர்ஸ்'. ராஜாதான் பின்னாடி இளையராஜா. அமர்தான் கங்கை அமரன். பத்து வருஷத்துக்கு மேல ஊர் ஊரா, மேடை மேடையாப் பாடி வளர்ந்தவங்க.

17/ தம்பிகள் சினிமா தேடிச் சென்னை வந்தாங்க. கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வாசுதேவனும் வந்தார், 'ரத்தப் பேய்'னு ஒரு படத்துல நடிக்க. நடிகனாகணும்கிறதுதான் அவர் ஆசை. சினிமா கதவு உடனே திறக்கல. கதவுக்கு வெளிய நின்ன ரெண்டு தரப்பும் மேடையில சந்திச்சாங்க. பாவலர் பிரதர்ஸ் கச்சேரிகள்ல வாசுதேவன் பாடகர்.

18/ ஒரு தோட்டத்துக் குரலும் தோட்டத்து ஜனத்துக்காகப் பாடின ஒரு குழுவும் சேர்ந்த இடம் அது. ஒரு வருத்தம் என்னன்னா, எல்லாத்தையும் ஆரம்பிச்ச பாவலர், தம்பியோட 'அன்னக்கிளி' (1976) வெளிவர்றதைப் பார்க்க உயிரோட இல்லை. பிறகு குடும்பம் ஆரம்பிச்ச படக் கம்பெனியோட பேருல அவர் இருந்தார், 'பாவலர் கிரியேஷன்ஸ்'.

19/ இந்த இடைவெளியில வாசுதேவன் சும்மா இல்ல. சின்னச் சின்ன வாய்ப்பு. 1973-ல் 'பாரத விலாஸ்' படத்துல எல்லா மாநிலத்துக்காரங்களும் சேர்ந்து பாடற பாட்டு ஒண்ணு இருக்குல்ல? டி.எம்.எஸ்., சுசீலா, எல்.ஆர்.ஈஸ்வரி மாதிரி பெரிய குரல்களுக்கு நடுவுல இவரும் ஒரு குரல். அங்கேயும் குழுவில ஒருத்தர்தான்.

20/ இப்போ தலைப்புக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் பின்னாடி போகணும், எஸ்.பி.பி. கதைக்கு. 1969, 'அடிமைப் பெண்'. எம்.ஜி.ஆருக்குப் பாடற வாய்ப்பு ஒரு புதுப் பையனுக்கு. அந்த நேரம் பார்த்து பாலுவுக்கு டைபாய்டு. வேற யாரையாவது வச்சுப் பாட வைக்கலாம்னு யாரும் நினைச்சிருக்கலாம். எம்.ஜி.ஆர். காத்திருந்தார். பாட்டு வந்தது, பாலு வாழ்க்கை மாறிச்சு.

21/ 1977. 'பதினாறு வயதினிலே'. பாரதிராஜாவுக்கு முதல் படம். பாட வேண்டியவர் அதே எஸ்.பி.பி. அன்னைக்கு அவருக்குத் தொண்டை சரியில்லை. எம்.ஜி.ஆர். படத்துக்கு இருந்த வசதி இங்க கிடையாது. சின்ன பட்ஜெட். காத்திருக்க முடியாது.

22/ டாக்டரா ஒரு வார்த்தை. தொண்டை கட்டினா என்ன ஆகுது? குரல் நாண்கள் வீங்குது. ஆம்பளை சாதாரணமாப் பேசும்போது அது விநாடிக்கு நூறு தடவைக்கு மேல அதிரும். உச்ச ஸ்தாயியில பாடும்போது அதைப் போல மூணு நாலு மடங்கு. வீங்கின நாண் கனமாகும், ஒழுங்கா ஒண்ணோட ஒண்ணு சேராது. காத்து கசியும், குரல் கரகரக்கும்.

23/ அந்த நிலைமையில முக்கிப் பாடினா நாண்ல ரத்தம் கசியலாம், கொப்புளம் வரலாம். மருந்தை விட முக்கியம் மௌனம். குசுகுசுன்னு பேசறதும் ஓய்வு இல்லை. அதனால பாலு பாடாம விட்டது சரியான வைத்தியம். அந்த மௌனத்துல இன்னொருத்தர் வாழ்க்கை திறந்தது.

24/ ராஜா வாசுதேவனைக் கூப்பிட்டு ட்ராக் பாடச் சொன்னார். ட்ராக்னா, பெரிய பாடகர் வந்து பாடறதுக்கு முன்னாடி மாதிரிக்கு ஒருத்தர் பாடி வைக்கறது. சரியா வந்தா இதையே வச்சுக்கலாம்னு பேச்சு. பாடினார். அதுவே நின்னுச்சு. சப்பாணி கமலோட ஆட்டுக்குட்டிப் பாட்டு, அப்புறம் சுசீலா அம்மாவோட செவ்வந்திப்பூப் பாட்டு. ரெண்டும் இவர் குரல்.

25/ இதை எல்லாரும் 'அதிர்ஷ்டம்'னு சொல்லுவாங்க. நான் அப்படி நினைக்கல. குழுவில பாடறவனோட தொழிலே இதுதான். முன்னணிக்காரர் வரலன்னா அவர் பாட்டையும் பாடணும். கோரஸ் குறைஞ்சா அங்க போய் நிக்கணும். எல்லார் பாட்டும் மனப்பாடமா இருக்கணும். வருஷக்கணக்கா எந்த நேரமும் தயாரா நின்ன ஆளு. கூப்பிட்டதும் பாடினார், அவ்வளவுதான்.

26/ இன்னொண்ணு. அந்தப் படத்துக்கு வேண்டியிருந்ததே அந்தக் குரல்தான்னு நினைக்கிறேன். ஸ்டூடியோ செட்டை விட்டு கேமரா வெளியில போய் மண் தெருவுல நின்ன படம். வெத்தலை குதப்பிக்கிட்டு, கால் இழுத்துக்கிட்டு நடக்கிற சப்பாணிக்கு இழைச்ச சந்தனம் மாதிரிக் குரல் ஒட்டாது. வெயில்ல நின்ன குரல் வேணும். அது மேடையிலிருந்து வந்தது.

27/ அப்புறம் மழைதான். 'கிழக்கே போகும் ரயில்', 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'தர்ம யுத்தம்' (1979), 'முரட்டுக்காளை' (1980), 'பன்னீர் புஷ்பங்கள்' (1981), 'தூறல் நின்னு போச்சு' (1982). பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போடற வீட்டுல 'முரட்டுக்காளை' பாட்டு ஓடாம இருக்குமா? அதே ஆளுதான் 'பன்னீர் புஷ்பங்கள்'ல அவ்வளவு மெல்லிசா கோடைக் காத்தைப் பாடினார். வீச்சைப் பாருங்க.

28/ 1985. 'முதல் மரியாதை'. சிவாஜிக்கு யார் பாடறது? முப்பது வருஷமா சிவாஜின்னா டி.எம்.எஸ். குரல்தான். கண்ணை மூடிக் கேட்டா முகம் தெரியும், அப்படி ஒட்டிப் போன குரல். அந்த இடத்துல நின்னு பாடறது கத்தி மேல நடக்கற வேலை. வாசுதேவன் டி.எம்.எஸ். மாதிரிப் பாட முயற்சி பண்ணல. வயசான, வீட்டுக்குள்ளயே தனிச்சுப் போன ஒரு பெரிய மனுஷனோட குரலா மட்டும் பாடினார்.

29/ அதே 1985-ல் பாரதிராஜாவோட இன்னொரு படம், 'ஒரு கைதியின் டைரி'. அதுல இவர் வில்லன்! அடுத்த வருஷம் 'முதல் வசந்தம்'லயும் நடிப்பு. நடிக்க வந்தவர் பாடகர் ஆகி, பாடகரா ஜெயிச்ச பிறகு நடிகராகவும் ஜெயிச்சார். 'சாமந்திப்பூ' மாதிரி சில படங்களுக்கு இசையும் அமைச்சார். 1993-ல் ரகுமான் இசையில 'கிழக்குச் சீமையிலே'. கிராமம்னா இவரைத்தான் கூப்பிடணும்னு புதுத் தலைமுறைக்கும் தெரிஞ்சிருந்தது.

30/ இங்க ஒரு அமெரிக்கக் கதை. குறுக்க போகுதேன்னு நினைக்காதீங்க, ஒத்துப் போறதைப் பாருங்க. அங்கே 'சோல்'னு ஒரு இசை இருக்கு. கறுப்பின மக்களோட தேவாலயப் பாட்டும் காதல் பாட்டும் கலந்து பிறந்தது. ஒருத்தர் கதறுவார், மத்தவங்க பதில் கொடுப்பாங்க. நம்ம ஊர்ல ஒப்பாரியிலயும் பஜனையிலயும் அதே அமைப்புதானே.

31/ டெட்ராய்ட் நகரம். 1936-ல் பிறந்த லெவி ஸ்டப்ஸ். நாலு நண்பர்கள், 'ஃபோர் டாப்ஸ்' குழு. 1954 வாக்குல சேர்ந்த அதே நாலு பேர், 1997-ல் ஒருத்தர் சாகற வரைக்கும் ஆள் மாறவே இல்லை. முன்னணிக் குரல் லெவிதான். பேரை முன்னாடி போட்டுக்க அவர் ஒத்துக்கல. தனியாப் பிரிஞ்சு போகவும் இல்லை. குழு குழுவாவே இருக்கட்டும்னுட்டார்.

32/ லெவி குரல் இயல்பிலே கனமான குரல். இசையமைப்பாளர்கள் வேணும்னே அவருக்குக் கொஞ்சம் உயரமான சுதியில பாட்டு அமைச்சாங்க. எட்டிப் பிடிக்கப் போராடும்போது குரல்ல ஒரு கெஞ்சல் வரும். அந்தக் கெஞ்சல்தான் 1966-ல் அமெரிக்கா, பிரிட்டன் ரெண்டு இடத்துலயும் அவங்க பாட்டை முதலிடத்துல நிறுத்துச்சு. 'முதல் மரியாதை' பாட்டுல குரல் மேல ஏறும்போது நமக்கு நெஞ்சடைக்குதே, அதுவும் இந்த ஜாதிதான்.

33/ 1986-ல் லெவி ஒரு ஹாலிவுட் படத்துல மனுஷனைத் தின்கிற செடிக்குக் குரல் கொடுத்தார். அதாவது வில்லன்! 2000-ல் அவருக்குப் பக்கவாதம். 2004-ல் குழுவோட 50-வது வருஷ விழாவுக்குச் சக்கர நாற்காலியில வந்தார். 2008 அக்டோபர்ல மறைஞ்சார்.

34/ நம்ம வாசுதேவனுக்கும் கடைசி வருஷங்கள் பக்கவாதத்தோடதான் போச்சு. எத்தனையோ மேடையை நிறைச்ச உடம்பு வீட்டுக்குள்ள அடங்கிச்சு. 20 பிப்ரவரி 2011, சென்னையில காலமானார். வயசு 66. கலைமாமணி வாங்கினவர். ஆனாலும் பெரிய பாடகர்கள் பட்டியல் போடும்போது இவர் பேரை நாம நாலாவதாவோ அஞ்சாவதாவோதான் சொல்றோம். குழுக்காரனை வரிசையில பின்னாடி நிறுத்தறது நமக்குப் பழக்கமாயிடுச்சு.

35/ சரி, முதல் கேள்விக்கு வர்றேன். பேச்சு போனவர் எப்படிப் பாடினார்? 1745-லயே சுவீடன்ல ஓலோஃப் டாலின்ங்கறவர் எழுதி வச்சிருக்கார்: பேச்சு இழந்த ஒருத்தர், கூட யாராவது ஆரம்பிச்சுக் கொடுத்தா தேவாலயப் பாட்டுகளை வார்த்தையோட பாடினார்னு. 1861-ல் பாரீஸ்ல புரோக்கா, பேச்சை உருவாக்கற இடம் மூளையோட இடது முன்பக்கம்னு காட்டினார்.

36/ ராகத்துல வலது பக்க மூளைக்கும் பெரிய பங்கு உண்டு. அதோட, ஆயிரம் தடவை கேட்ட பாட்டு ஒரு பழக்கமாவே பதிஞ்சிருக்கும். வார்த்தை தேட வேண்டியதில்லை, தாளம் இழுத்துக்கிட்டுப் போகும். ராகமா, தாளமா, பழக்கமா, எது முக்கியம்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறாங்க. ஆனா நடக்கறது உண்மை.

37/ 1973-ல் அமெரிக்காவுல மூணு பேர் இதையே வைத்தியமா மாத்தினாங்க. ஒரு சின்ன வாக்கியத்தை ராகம் போட்டுச் சொல்லணும். ஒவ்வொரு அசைக்கும் நோயாளியோட இடது கையைத் தட்டணும். முதல்ல கூடச் சேர்ந்து பாடணும், அப்புறம் மெதுவா நம்ம குரலைக் குறைக்கணும், கடைசியில ராகத்தையும் குறைக்கணும். அந்த 'கூடச் சேர்ந்து பாடறது' இருக்கே, அதுதான் முதல் படி.

38/ இதை நான் படிக்கிற காலத்துல ஒரு வரியில கடந்து போயிருந்தேன். அந்தம்மாகிட்ட "எதிர்பார்ப்பைக் குறைச்சுக்குங்க"ன்னு சொன்னபோது அது ஞாபகத்துக்கே வரல. டீக்கடை ஸ்பீக்கர் ஞாபகப்படுத்துச்சு. மறுநாள் நானே போன் பண்ணி வரச் சொன்னேன். "அம்மா, நேத்து நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்"னேன்.

39/ பேச்சுப் பயிற்சி நிபுணர்கிட்ட அனுப்பினோம். வீட்டுல அந்தம்மா தினமும் ரெண்டு வேளை உட்கார்ந்தாங்க. "தண்-ணி வே-ணும்." மெட்டு அவங்களே போட்டது. இடது கையைத் தட்டித் தட்டி. முதல் மூணு வாரம் ஒண்ணும் இல்லை. "பைத்தியக்காரி மாதிரி பாடிக்கிட்டு இருக்கேன் சார்"னு சிரிச்சாங்க. விடல.

40/ இப்போ சினிமா மாதிரி முடிக்க ஆசைதான். அப்படி நடக்கல. அவர் முழுசாப் பேசல. ஆறு மாசத்துல இருபது, இருபத்தஞ்சு வாக்கியம் வந்தது. "தண்ணி வேணும்", "வலிக்குது", "வெளிய போலாம்". பொண்டாட்டி பேரைச் சொல்ல வந்தது. என்னைப் பார்த்து ஒருநாள், இழுத்து இழுத்து, "ஊசி... வேணாம்"னார். பெரிய ஆஸ்பத்திரியிலேர்ந்து உயிரோட திரும்பி வந்தப்போ கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

41/ எங்க ஊர்ல மாணிக்கவாசகருக்குத் தனிக் கோயில் இருக்கு. திருவெம்பாவை பாடின இடம் இதுதான்னு நம்பிக்கை. 20 பாட்டு. தூங்கற பொண்ணை மத்த பொண்ணுங்க வாசல்ல நின்னு கூப்பிடற பாட்டு. தனியாப் பாட முடியாத பாட்டு அது, கூட்டமாத்தான் பாடணும். போன மார்கழி, விடியக்காலையில பாடறவங்களுக்குப் பின்னாடி இவர் கம்பு ஊனிக்கிட்டு நின்னார். வாய் அசைஞ்சுது. மைக் இல்லை, கேட்கல. ஆனா வரியோட சேர்ந்துதான் அசைஞ்சுது.

42/ வாசுதேவன் வாழ்க்கையிலேர்ந்து நான் எடுத்துக்கிட்டது இது. ஒருத்தர் குரல் நின்னு போனா இன்னொருத்தர் எடுத்துப் பாடணும். பாலுவுக்குத் தொண்டை கட்டினபோது அவர் எடுத்துப் பாடினார். மைக் செட்காரர் பேச்சு நின்னபோது அவர் சம்சாரம் எடுத்துப் பாடினாங்க. அதுக்கு ஒருத்தர் தயாரா பக்கத்துல நிக்கணும்.

43/ இப்போ உங்களுக்கு. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாம விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு படுக்க வைக்காதீங்க. கடிகாரத்தைப் பாருங்க, கடைசியா எப்போ நல்லா இருந்தார்னு குறிச்சுக்குங்க. 108-க்குப் போன் போடுங்க. சிடி ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கே நேரா. நாலரை மணி நேரம்கிறது கடைசிக் கெடு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மூளை மிஞ்சும். பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க.

44/ வீட்டுல பேச்சு போனவங்க யாராவது இருந்தா, அவங்களுக்குப் பிடிச்ச பழைய பாட்டைப் போடுங்க. போட்டுட்டுப் போயிடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து கூடப் பாடுங்க. சுருதி எல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க. பேச்சுப் பயிற்சி எங்க கிடைக்கும்னு உங்க டாக்டரைக் கேளுங்க. அவர் என்னை மாதிரி மறந்திருந்தா ஞாபகப்படுத்துங்க.

45/ கமெண்ட்ல உங்களுக்குப் பிடிச்ச மலேசியா வாசுதேவன் பாட்டைச் சொல்லிட்டுப் போங்க. அடுத்த தடவை அவங்க வரும்போது அந்தப் பட்டியலைக் காட்டறேன். மைக் செட் கட்டின மனுஷன், பாட்டுப் பேரைப் பார்த்தா படத்துப் பேரைச் சொல்லப் பார்ப்பார். அதுவும் ஒரு பயிற்சிதான்.